பட்டனில் செருகிய அட்டை

ஊரடங்கெல்லாம் முடிந்து கம்பெனிகள் மறுபடி ஆள் எடுக்கத் தொடங்கிய சமயம். கிளியனூரில் எங்கள் தெருமுனைக்கே வேன் வரும். திண்டிவனத்தைத் தாண்டி ஒரு கம்பெனி. கார் சீட்டுக்கான தகடு, கிளிப் எல்லாம் செய்கிற இடம். பி.எஸ்சி. கணிதம் முடித்த எனக்குக் கிடைத்தது கிளிப்பை எண்ணிக் கவரில் போடும் வேலை. படித்த படிப்பு வீண் போகவில்லை என்று வீட்டில் ஒரே கிண்டல்.

பேக்கிங்கில் இருந்தால் கடைசி வரை கான்ட்ராக்ட்தான், பிரஸ் மிஷின் ஓட்டத் தெரிந்தால் பெர்மனன்ட் ஆக வழி உண்டு என்றார்கள். நானே கேட்டு மாறிக்கொண்டேன்.

அந்த மிஷினில் தகட்டை வைத்துவிட்டு, இரண்டு பக்கமும் உள்ள பட்டன்களை இரண்டு கைகளாலும் ஒன்றாக அமுக்கினால்தான் மேலிருந்து அச்சு இறங்கும். கை உள்ளே மாட்டக்கூடாது என்பதற்கான ஏற்பாடு. ஆனால் அங்கே யாரும் அப்படி ஓட்டவில்லை. அட்டைப்பெட்டியில் கிழித்த துண்டை மடித்து, ஒரு பட்டன் அமுங்கியபடியே இருக்கும்படி செருகிவிடுவார்கள். பிறகு ஒரு கை பட்டனுக்கு, ஒரு கை தகட்டுக்கு. வேலை பறக்கும்.

பக்கத்து மிஷினில் ஓமந்தூர் அக்கா ஒருவர். கணவர் இல்லை, பிளஸ் டூ முடித்த ஒரே மகள். முதல் நாள் என் பெட்டி நிரம்பவில்லை என்று சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் கத்திவிட்டுப் போனார். அழுகையை அடக்கிக்கொண்டு நின்ற என்னிடம் அக்கா ஓர் அட்டைத் துண்டை நீட்டினார்.

"ரெண்டு கையாலயும் அமுத்திக்கினு இருந்தா எப்பம்மா பொட்டி ரொம்பும்? இத்த சொருவிக்கோ. எல்லாரும் இப்படித்தான் ஓட்டுறோம்."

வாங்கிச் செருகிக்கொண்டேன். எனக்கு அது பெரிய உதவியாகத்தான் பட்டது. வெளியிலிருந்து யாராவது பார்க்க வந்தால் சூப்பர்வைசரே முன்னால் ஓடி வந்து, "அட்டைய எடுங்க, ஜல்தி" என்பார்.

ஒரு நாள் காலை, டீ குடித்துவிட்டு வந்த கையோடு அது நடந்தது. ஒரு தகடு சரியாக உட்காரவில்லை போலிருக்கிறது. அக்கா வலது கையால் அதைத் தள்ளும்போதே, பழக்கதோஷத்தில் இடது கை பட்டனை அமுக்கிவிட்டது. அவர் கத்தக்கூட இல்லை. "அம்மா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் கீழே உட்கார்ந்தார். இரண்டு விரல்கள் போய்விட்டன. என் துப்பட்டாவைச் சுற்றி அந்தக் கையை மடியில் பிடித்துக்கொண்டேன்.

ஓடி வந்த சூப்பர்வைசர் வண்டியைக் கூப்பிடவில்லை. வரிசையாக ஒவ்வொரு மிஷினாகப் போய், என்னுடையது உட்பட எல்லா அட்டைகளையும் உருவிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். அக்காவின் மிஷினில் இருந்ததை மட்டும் தொடவில்லை. அதற்குப் பிறகுதான் வண்டி வந்தது.

இரண்டு நாள் கழித்து விசாரிக்க வந்த அரசு அதிகாரியிடம், எல்லா மிஷினிலும் அட்டை இருந்தது, சூப்பர்வைசருக்கும் தெரியும் என்று சொன்னேன். மற்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அன்று சாயங்காலமே விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மகள் கட்டிலருகே நின்று அக்காவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் உண்மையைச் சொல்லிவிட்டதைக் கேட்டதும் அக்காவின் முகம் மாறிவிட்டது.

"உன்ன யாரும்மா பேசச் சொன்னது? நான் ஒருத்திதான் அட்டை வெச்சேன், யாருக்கும் தெரியாதுன்னு எழுதிக் குடுத்துட்டேன். எம் பொண்ணுக்கு என் மிஷினையே தர்றேன்னு சொல்லிக்கிறாங்க. நீ அத்த கெடுத்துடாத."

அந்தப் பெண் என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. மறுநாளிலிருந்து எங்கள் தெருமுனையில் வேன் எனக்காக நிற்கவில்லை. கொஞ்ச நாளில் அவள் வேலையில் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

இப்போது திண்டிவனத்தில் ஒரு டியூஷன் சென்டரில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். கம்பெனி வேலைக்குப் போகலாமா என்று கேட்கும் பிள்ளைகளிடம் போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. வேறு எங்கே போகச் சொல்வது? சம்பளத்தைக் கேட்பதற்கு முன்னால் அங்கே வேலை செய்பவர்களின் கைகளைப் பாருங்கள் என்று மட்டும் சொல்கிறேன். ஆனால் தன் அம்மாவின் அந்தக் கையைத் தினமும் கழுவிக் கட்டுப்போட்டுவிட்டு அதே மிஷினுக்குப் போன பெண்ணை நினைத்தால், நான் சொல்வதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியவில்லை.