வாசலில் நிறுத்திய ஃபோகஸ்

கேமராவின் ஆட்டோ ஃபோகஸை நான் குறை சொல்ல மாட்டேன். கல்யாணம் கல்யாணமாக ஓடும் எனக்கும் வீடியோ எடுக்கும் என் வீட்டுக்காரருக்கும் சோறு போடுவது அதுதான். ஆனால் அதற்கு ஒரு கெட்ட குணம் உண்டு. யார் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதை நம்மைக் கேட்காமல் அதுவே முடிவு செய்துவிடும். முன்னால் நிற்கிற முகம், வெளிச்சம் விழுகிற முகம், இவைதான் அதற்குப் பிடிக்கும். கல்யாண வீட்டில் யாரும் கூப்பிடாமலே எல்லாவற்றிலும் தலையிடும் மாமா மாதிரி. அவர் செய்வது பெரும்பாலும் சரியாகவே இருப்பதால் நாமும் விட்டுவிடுகிறோம்.

அம்பாசமுத்திரத்துப் பக்கம் ஒரு மண்டபத்தில் அன்றைக்குக் கல்யாணம். ஆனி மாதம், விடிந்தும் விடியாமலும் சாரல். மணமகள் அறையில் பெண்ணுக்கு அலங்காரம் நடக்கும்போது படம் எடுத்துக்கொண்டிருந்தேன். காப்பி எடுத்து வர அவளுடைய அம்மா வெளியே போனதும், அந்தப் பெண் என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, எங்கம்மா மேடைக்கு வரமாட்டா. இந்த ரூம் வாசல்லதான் நிப்பா. தாலி கட்டுத போட்டோவுல அவ இருக்கணும்க்கா. மங்கலா இல்ல, நல்லாத் தெரியணும்."

அந்தப் பெண்ணின் அப்பா இறந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. தாரை வார்த்துக் கொடுக்கச் சித்தப்பாவும் சித்தியும் இருந்தார்கள். அம்மா மேடை ஏறக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையாம். வாருங்கள் என்றும் யாரும் சொல்லவில்லை. கேட்டதும் எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பெற்று வளர்த்தவள் வாசல் திரைக்குப் பின்னால் நிற்கும் வழக்கத்தை நானும் எத்தனையோ மண்டபத்தில் பார்த்திருக்கிறேன். ஆனால் வேலைக்கு வந்த இடத்தில் சண்டைக்கு நிற்க முடியாது. சரிம்மா என்று மட்டும் சொன்னேன்.

மேடைக்கு வந்து பார்த்தேன். மணவறைக்குப் பின்னால், இடது ஓரத்தில் அந்த அறை வாசல். அம்மா திரையைப் பிடித்தபடி நின்றிருந்தார். கேமராவை அவர் பக்கம் திருப்பினேன். அவ்வளவுதான், சட்டென்று திரைக்குள் போய்விட்டார். இரண்டாம் முறையும் அதே கதை. தன்னை எடுக்கிறார்கள் என்று தெரிந்தால் நிற்க மாட்டார் என்பது புரிந்தது. சரி, பெண்ணையும் மாப்பிள்ளையையும் எடுப்பதுபோல் எடுப்போம் என்று பார்த்தால், ஃபோகஸ் கட்டம் பெண் முகத்துக்குப் போனது, அங்கிருந்து பக்கத்தில் நின்ற சித்தி முகத்துக்குத் தாவியது. வாசல் வரை அது போகவே இல்லை.

லென்ஸ் துவாரத்தைச் சிறிதாக்கினால் முன்னால் இருப்பவரும் பின்னால் இருப்பவரும் சேர்ந்து தெளிவாக வருவார்களே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். அதற்கு வெளிச்சம் வேண்டும். சாரல் இருட்டில் அந்த மூலை கிணறு மாதிரி கிடந்தது. என் ஃப்ளாஷ் அங்கே எட்டாது.

என் கழுத்தில் எப்போதும் இரண்டு கேமரா இருக்கும். ஒன்றை ஆட்டோவிலேயே விட்டேன். இன்னொன்றின் லென்ஸில் இருக்கும் சுவிட்சை மேனுவலுக்குத் தள்ளினேன். அம்மா உள்ளே போயிருந்த நேரத்தில், அவர் பிடித்து நின்ற திரையின் ஓரத்தைப் பார்த்து வளையத்தைப் பையத் திருப்பினேன். துணியின் நெசவு தெரிந்ததும் நிறுத்தி, வளையம் அசையாமல் இருக்க அதன்மேல் டேப் ஒட்டினேன். இனி நான் நின்ற இடத்தை விட்டு நகராமல் இருந்தால் போதும். பஸ்ஸில் துண்டு போடுவதுபோல் என் பையை அங்கே வைத்து இடம் பிடித்தேன்.

"ஏட்டி, அங்கன என்ன செய்யுத? நடுவுல வா," என்று வீட்டுக்காரர் கூப்பிட்டார். வரமாட்டேன் என்று தலையை ஆட்டினேன்.

கெட்டிமேளம் முழங்கியது. எல்லாரும் எழுந்தார்கள், அட்சதை பறந்தது. முதல் முடிச்சை ஆட்டோ கேமராவில் எடுத்தேன். பறக்கிற அரிசியைப் பிடிக்கப் போய் அது இரண்டு படங்களைக் கெடுத்தது, ஒன்று நன்றாக வந்தது. அந்தக் கேமராவைத் தொங்கவிட்டு, டேப் ஒட்டியதைத் தூக்கினேன். மாப்பிள்ளையின் அக்கா மூன்றாம் முடிச்சுக்குக் குனிந்தாள். கூட்டத்தின் தலைகளுக்கு நடுவே ஒரு சந்து கிடைத்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் கலங்கலாகத் தெரிந்தார்கள். வாசலில் ஏதோ அசைந்தது. அழுத்திவிட்டேன். அடுத்த நொடி யாரோ ஒருவரின் முதுகு வந்து மறைத்துக்கொண்டது.

மறுவீடு முடிந்ததும், ஆல்பத்துக்குப் படம் தேர்வு செய்ய அம்மாவும் மகளும் பாளையங்கோட்டையில் இருக்கும் என் ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தேன். அந்தப் படம் வந்ததும் அம்மா பதறிவிட்டார்.

"யம்மா, இதுல புள்ள மொகமே தெரியலியே. இது வேண்டாம், எடுத்துரு."

"மொகம் தெரியுத படம் வேற இருக்கும்மா. இதுல ஒன்னயப் பாரு," என்றாள் மகள்.

அம்மா பார்த்தார். புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார். எனக்கு எதுக்கும்மா போட்டோ என்று என்னிடம் முனகினார். மகள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக் கம்ப்யூட்டருக்கு அருகில் குனிந்தாள். பெரிதாக்குங்கள் என்றாள். பெரிதாக்கினேன். எனக்கும் அப்போதுதான் கண்ணில் பட்டது. படத்தில் அம்மாவின் ஒரு கை வாசல் திரையைப் பிடித்திருக்க, இன்னொரு கை முன்னால் நீண்டு விரிந்திருந்தது. விரல் நுனிக்குச் சற்றுத் தள்ளி, மஞ்சள் அரிசி நாலைந்து, ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெளிவாக இருந்தது.

"நீயும் அட்சத போட்டியாம்மா?"

அம்மா செய்யக்கூடாததைச் செய்து அகப்பட்டுக்கொண்டவர்போல் என்னை ஒருமுறை பார்த்தார்.

"போட்டேன்ட்டி," என்றார். "ஒனக்கு எட்டல."

மகள் அம்மாவின் அந்தக் கையைத் தூக்கித் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள்.