பெரியம்மாவுக்கு எதிர்த்தொட்டில்

விண்மீன் மண்டலங்கள் எவ்வளவு வேகத்தில் சுழல்கின்றன என்று அளப்பது என் உத்தியோகம். சொன்னால் உடனே ஜாதகத்தை நீட்டுவார்கள் என்பதால் கல்யாண வீடுகளில் நான் இதைச் சொல்வதில்லை. மண்டலத்தின் வெளிச்சமெல்லாம் நடுவில்தான். ஓரத்து விண்மீன்களைப் பிடித்து இழுக்க அங்கே பெரிதாக எதுவும் தென்படாது. நியாயப்படி அவை மெதுவாக நகர வேண்டும்; ஆனால் உள்ளே இருப்பவற்றுக்குச் சளைக்காமல் ஓடுகின்றன. அப்படியானால், தெரிவதைவிடப் பல மடங்கு எடையுள்ள ஏதோ ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் சுற்றிலும் இருக்கிறது. கரும்பொருள் என்கிறோம். அது பந்து மாதிரி உருண்டையாகச் சூழ்ந்திருக்கிறதா, இட்லி மாதிரி அமுங்கியிருக்கிறதா என்று எங்களுக்குள் இன்னும் சண்டை. இந்த விஷயத்தில் எனக்கு எட்டு வயதிலிருந்தே அனுபவம் உண்டு.

எழுபதுகளின் கடைசி. காணும் பொங்கலுக்கு உத்திரமேரூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு குடும்பமாகத் திருமுக்கூடல் ஆற்று மணலுக்குப் போயிருந்தோம். புளிச்சோறு வெறும் சாக்கு. அசல் காரியம் மாமாவுக்குப் பெண் பார்ப்பது. தென்னேரியிலிருந்து பெண் வீட்டாரும் தற்செயலாக அங்கே வருவார்கள், தற்செயலாகப் பக்கத்தில் உட்காருவார்கள். பிடிக்காமல் போனாலும் யாருக்கும் மானக்கேடு இல்லை. ஏற்பாடெல்லாம் கச்சிதம். மாமாவைத்தான் காணவில்லை.

"அவுங்க வந்து நின்னா நான் இன்னா சொல்றது?" என்று தாத்தா மணலில் மேலும் கீழும் நடந்தார். மாமாவைக் கண்டுபிடிப்பவருக்கு இரண்டு சேமியா ஐஸ் என்று அறிவித்தார். ரங்கராட்டினத்தில் ஏறி மேலேயிருந்து தேடலாம் என்று யோசனை சொன்னவர் பெரியம்மா.

அது கையால் சுற்றும் மர ராட்டினம். நான்கு தொட்டில்கள். ஒரு தொட்டிலில் ஆள் ஏறினால் எதிர்த்தொட்டிலில் அதே எடைக்கு ஆள் வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் ஆற்று மணலை மூட்டை கட்டி வைப்பார்கள். இல்லையென்றால் கனமான பக்கம் தடாலென்று கீழே வந்துவிடும். ஆள் ஏறி இறங்கும்போது மட்டும் கீழ்த்தொட்டிலை ஒரு முளையில் கட்டி வைப்பார்கள். முந்தின வருஷம் பெரியம்மாவுக்கு ஈடாக மூன்று மூட்டை ஏற்றிவிட்டு ராட்டினக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

இந்த வருஷம் எங்களைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "இன்னிக்கு ஓடாதும்மா. அச்சு பேஜார் பண்ணிக்கினு கீது" என்றார். அதற்குள் பெரியம்மா என்னையும் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாயிற்று. உச்சியிலிருந்த எதிர்த்தொட்டிலில் கோணிகள் போர்த்தியிருந்தன. அவர் ஒரு மூட்டைகூட ஏற்றவில்லை. ஒரே கையால் சுற்றினார். உச்சிக்குப் போய் அலுங்காமல் நின்றோம். பெரியம்மா கூட்டத்தில் மாமாவைத் தேடினார். நான் கீழே எட்டிப் பார்த்து, எங்களைத் தாங்கி நிறுத்தியது எதுவென்று தேடினேன்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே எதிர்த்தொட்டில் ஒரு பக்கம் சாய்ந்தது. பிறகு மறுபக்கம் சாய்ந்தது. மணல் மூட்டை வைத்த இடத்தில் கிடக்கும், புரண்டு படுக்காது. ஏதோ இருக்கிறது என்பதை எடை காட்டிக்கொடுத்தது. அது எப்படிக் கிடக்கிறது என்பதைச் சாய்வு காட்டிக்கொடுத்தது. இன்றைக்கும் நாங்கள் செய்வது இதைத்தான், சம்பளம்தான் கூடுதல்.

"தாத்தா! மூட்டை பொரண்டு பட்க்குது!" என்று கத்தினேன்.

தாத்தா கோணியில் கை வைப்பதற்குள் மாமாவே வெளியே குதித்து, கோணியை இழுத்து முன்போலவே போர்த்திவிட்டார். தலையெல்லாம் சணல். இருபத்தைந்து வயது ஆளின் காதைப் பிடித்து தாத்தா திருகிக்கொண்டிருந்தபோது, தென்னேரிக்காரர்கள் தற்செயலாக எதிரே நின்றார்கள். பெண்ணின் அப்பா நிதானமாகப் பார்த்தார். "புள்ளைக்கு ஆட்டம் இன்னும் அடங்கல போல கீது. ஆவட்டும், பாக்கலாம்" என்றார். சத்தமாகச் சிரித்தது அந்தப் பெண்தான்.

எனக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. கணக்கு இடித்தது. மாமா ஒல்லி. பெரியம்மாவோடு என்னையும் சேர்த்தால் இரண்டு மாமா ஆகும். அவர் குதித்ததும் நாங்கள் தடாலென்று விழுந்திருக்க வேண்டும். பெரியம்மா அலறியது என்னவோ உண்மை, ஆனால் மெதுவாகத்தான் இறங்கினோம். எதிர்த்தொட்டில் கோணியோடு மறுபடி உச்சிக்குப் போனது.

"மாமா எறங்கிட்டாரே, நாங்க ஏன் மெள்ள வந்தோம்?" என்று ராட்டினக்காரரைக் கேட்டேன்.

"மணல் கீது பாப்பா, மணலு" என்றார். அவருக்கு வேர்த்து ஊற்றியது. தாத்தா சொன்ன சொல் தவறாமல் ஐஸ் வாங்கி வந்தார். அது உருக ஆரம்பித்ததால் நான் ஆராய்ச்சியை அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

இரண்டு வருஷம் தாத்தாவோடு மல்லுக்கு நின்று மாமா காவாந்தண்டலத்துப் பெண்ணைக் கட்டினார். நான் வேலைக்குப் போன பிறகு ஒருநாள் அந்த அத்தையிடம் என் ஆராய்ச்சியை விளக்கிக்கொண்டிருந்தேன். அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எங்கள் வண்டி கிளம்பும்வரை அந்த உச்சித் தொட்டிலில், கோணிக்கு அடியில், மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தவர் அவர்தானாம். கோணி ஓட்டை வழியாக மாமாவுக்குப் பெண் பார்த்ததை முழுசாகப் பார்த்தாராம்.

"நீ இன்னொரு வாட்டி அந்தக் கேள்விய கேட்டிருந்தா என் பொயப்பு சிரிப்பா சிரிச்சிருக்கும்டி" என்றார்.

கணக்கில் உதைக்கிற மிச்சத்தை மணல் என்று சொல்லித் தப்பிக்க என் மாணவர்களை நான் விடுவதே இல்லை. ஆனால் அடுத்தவருக்கு நான் செய்த உருப்படியான உதவி என்று ஏதாவது உண்டென்றால், அன்றைக்கு அதை மணல் என்று நம்பியதுதான். உதவி செய்கிறோம் என்று தெரியாமலே ஐஸ் தின்றுகொண்டிருந்தேன்.