கடல்பாசியின் முதல் கேசட்டில் ஒரு தும்மல்

நேற்று காலை மத்தி ஆய்ந்துகொண்டிருந்தேன். கை முழுக்கச் செதில். என் மகள் போனை அடுக்களை ஜன்னலில் சாய்த்து வைத்துவிட்டு, "அம்மா, மாமாவோட பாட்டு புதுசா வந்திருக்கு, கேட்டோ! நல்லா க்ளீனாக்கி இறக்கியிருக்காங்க" என்றாள். எங்கள் மட்டாஞ்சேரி ராக் பேண்டான கடல்பாசியின் முதல் கேசட் அது. பெயர் 'மூட்டை'. அதில் டிரம்ஸ் வாசித்தவன் என் தம்பி கபீர். அவன் மௌத்தாகிப் பல வருஷம் ஆகிறது. நான்காவது பாட்டின் நடுவில் அவன் தும்முவான். அந்த இடம் வந்தது, போனது. தும்மல் இல்லை. கத்தியைக் கீழே போட்டுவிட்டேன். க்ளீனாக்கினார்களாம்! மத்தியா அது, க்ளீனாக்க?

போயும் போயும் ஒரு தும்மலுக்கா இத்தனை கூத்து என்று கேட்பீர்கள். ஆமாம், தும்மலுக்குத்தான். டிரம்ஸ் அடிக்கிறவனைப் பாடச் சொல்கிறவர்கள் யார்? பேட்டி எடுக்கிறவர்கள்தான் யார்? அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் வீடியோவும் கிடையாது. இந்த உலகத்தில் கபீரின் குரல் மிச்சமிருப்பது அந்த ஒரே இடத்தில்தான். அதனால் இதில் நியாயமாகப் பேசும் உத்தேசம் எனக்கு இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மீன் குழம்புக்கு மிளகாய் வறுத்தால் இன்றைக்கும் எனக்கு அந்தக் கேசட்தான் ஞாபகம் வரும். எங்கள் அத்தா கொச்சங்காடியில் ஒரு பாண்டிகசாலையில் மேஸ்திரி. பாண்டிகசாலை என்றால் சரக்குக் கிடங்கு. ஸ்டூடியோவுக்குப் போக பையன்களிடம் வழியில்லை. சுற்றிலும் மூட்டை அடுக்கினால் எதிரொலி வராது என்று கபீர் எங்கேயோ கேட்டுவிட்டு வந்தான். ஞாயிற்றுக்கிழமை கிடங்கு பூட்டிக் கிடக்கும். அத்தா சாவியைக் கொடுத்தார். ரெக்கார்டிங் மெஷினை வாடகைக்கு எடுத்தார்கள். பாடுகிற ரஷீது அடுத்த சந்துக்காரன். கிட்டார் ஜோசப் கும்பளங்கியிலிருந்து கிட்டாரைப் படுக்கை விரிப்பில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் வந்தான். மூட்டைகளை ஆள் உயரத்துக்குச் சுற்றி அடுக்கினார்கள். அதற்குள்ளே என்ன இருக்கிறது என்று ஒருவனாவது யோசிக்க வேண்டாமா? வற்றல் மிளகாய்! பிறந்ததிலிருந்து அந்த நெடியிலேயே கிடந்தவர்களுக்கு மிளகாய் மூட்டையும் பஞ்சு மூட்டையும் ஒன்றுதான்.

நான் சாயா பிளாஸ்க்கோடு மூலையில் உட்கார்ந்திருந்தேன். கபீர் டிரம்மில் ஒரு அடி போட்டதும் மூட்டையிலிருந்து தூசி கிளம்பியது. மூன்று பாட்டைப் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தார்கள். நான்காவது, மெதுவான காதல் பாட்டு. ரஷீது உருகிக்கொண்டிருந்தான். கபீர் அடக்கி அடக்கிப் பார்த்துவிட்டு ஒரு தும்மல் போட்டான் பாருங்கள், ஜன்னல் கதவே ஆடியது. போட்டுவிட்டு, பழக்கதோஷம், "அல்ஹம்துலில்லாஹ்" என்று இறைவனைப் புகழ்ந்தான். ஒருவர் தும்மி அப்படிச் சொன்னால் கேட்டவர் "யர்ஹமுகல்லாஹ்" என்று பதில் சொல்ல வேண்டும். இறைவன் உனக்கு இரக்கம் காட்டட்டும் என்று அர்த்தம். சோறு உண்ணும்போதும் சண்டை போடும்போதும் சொல்லிச் சொல்லி வளர்ந்த வாய். ரஷீது பாட்டை நிறுத்தவில்லை. அந்தப் பதிலையும் அதே மெட்டில் இழுத்துப் பாடிவிட்டுக் காதலுக்குத் திரும்பிப் போனான். பின்னாலிருந்து ஜோசப்பும் சேர்ந்து சொன்னான், ஞாயிறு பூசை முடித்து நேராக வந்த பையன்!

மெஷினைச் சாயங்காலத்துக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். மறுபடி எடுக்க நேரமில்லை. அப்படியே கேசட் வந்தது. அதற்குப் பிறகு போர்ட் கொச்சியில் எங்கே கச்சேரி நடந்தாலும் அந்த இடத்தில் கூட்டமே தும்மும். ரஷீது பதிலைப் பாடுவான், கூட்டமும் கூடவே பாடும். "பாட்டுக்குள்ள இதெல்லாம் வேணுமா?" என்று சில பெரியவர்கள் அத்தாவிடம் வந்து கேட்டார்கள். "தும்மினவனுக்குப் பதில் சொல்லாமப் போனாத்தானே தப்பு?" என்று அத்தா சாயாவை உறிஞ்சினார்.

இரண்டாவது கேசட் 'வெளிச்சம்' எர்ணாகுளம் ஸ்டூடியோவில், கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து எடுத்தது. பத்திரிகைகள் தலையில் வைத்துக் கூத்தாடின. எனக்கு அது ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது, அவ்வளவு சுத்தம். டிரம்ஸ் மட்டும் நன்றாக இருக்கும். அதற்கடுத்த மழையில் மஞ்சள் காமாலை வந்து கபீர் போய்விட்டான். மூன்றாவது 'வேலியேற்றம்', கடல் ஏற்றம் என்று அர்த்தம், பாட்டு முழுக்க மலையாளம், டிரம்ஸுக்குப் பதில் மெஷின். அதுதான் அவர்களுடைய உச்சம் என்கிறார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். நான் முழுசாகக் கேட்டதில்லை, கேட்கவும் மாட்டேன். பாரபட்சம் என்கிறீர்களா? பாரபட்சமேதான்.

க்ளீனாக்கி இறக்கியது ரஷீதுதான் என்று மகள் சொன்னாள். மீன் கையோடு அவனுக்குப் போன் போட்டேன்.

"எடா ரஷீதே, தும்மல் எங்கடா? நீ பாடின பதில் எங்கடா?"

"அக்கா, அது வெறுதே ஒரு சத்தம். இப்பத்த ஆள்களுக்கு எதுக்குன்னே புரியாது."

"புரியாட்டிக் கேட்டுத் தெரிஞ்சுக்கட்டும். நீ யார்கிட்ட கேட்டு வெட்டின?"

"கம்ப்யூட்டர்ல போட்டு வேலை செய்யறப்ப அந்த எடம் திரும்பத் திரும்ப வருது அக்கா. வர்றப்பல்லாம் என் வாய் தானா பதில் சொல்லிருது. பின்னே அன்னைக்கு ஒரு வேலையும் ஓடமாட்டேங்குது. சகிக்கல அக்கா. வெட்டிட்டேன்" என்றான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் விடவில்லை.

"சகிக்கலன்னா அழுடா, நானும்தான் அழறேன். எவன் எங்க இருந்து அந்தப் பாட்டக் கேட்டாலும் அந்த எடத்துல என் தம்பிக்காக ஒரு துஆ போகுது. உன் தொண்டையில இருந்துதான்டா போகுது. அத நிறுத்த நீ யாரு?"

"யோசிக்கறேன் அக்கா" என்றான்.

"யோசிக்க ஒண்ணுமில்ல" என்று போனை வைத்தேன்.

அத்தாவின் பாண்டிகசாலை இன்று ஏசி போட்ட லாட்ஜ். கேசட் விற்ற கடையில் போன் கவர் தொங்குகிறது. ஜோசப் கனடாவில் பேரனைக் கொஞ்சுகிறான். அத்தாவும் இல்லை. இதற்கெல்லாம் நான் யாரிடமும் சண்டைக்குப் போனதில்லை. காலம் கேட்டதையெல்லாம் கொடுத்தாயிற்று. தம்பியையும் கொடுத்தாயிற்று. அவனுக்காகக் கேட்கிற இரக்கத்தையும் சேர்த்துக் கொடுக்க என்னால் ஆகாது. ரஷீது திரும்பச் சேர்க்கும்வரை தினமும் போன் செய்வேன். எடுக்காவிட்டால் படகேறி, இப்போது அவன் இருக்கும் எர்ணாகுளத்துக்கே போய் அவன் வீட்டு வாசலில் நிற்பேன்.