மாரீஸ்வரி கேட்ட கல்லூரி

என் அண்ணன் மகள் மாரீஸ்வரிக்குப் பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாள்முதல், அவள் ஓர் இடத்தில் ஒழுங்காக உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. மார்க் நல்ல மார்க்தான். அவள் படித்த அரசுப் பள்ளியில் அவளுக்கு மேலே ஒருத்தர் இல்லை. ஃபெயிலாகி நிற்கிறவன் எல்லாம் மட்டையைத் தூக்கிக்கொண்டு வறண்ட கண்மாய்க்குள் கிரிக்கெட் ஆடப் போகிறான். முதல் மார்க் எடுத்த கழுதைக்குச் சோறு இறங்கவில்லை. இந்தக் கூத்தை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

அவர்கள் ஊர் பரளச்சிக்குப் பக்கம், வானம் பார்த்த பூமி. அண்ணன் மருதுபாண்டி பருத்தியும் மிளகாயும் போட்டுவிட்டு மேகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர். நான் வாக்கப்பட்டது அருப்புக்கோட்டையில். வீட்டுக்காரர் விசைத்தறி ஓட்டுகிறார். நான் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இன்பராஜ் அண்ணாச்சியின் பிரவுசிங் சென்டரில் வேலை பார்க்கிறேன். பேச்சி என்று கேட்டால் யாரும் கடையைக் காட்டுவார்கள். பேருக்கு ஏற்ற வாய் என்பது ஊரார் பேச்சு. பேசாமல் இருந்தால் நம் பங்கைக் காக்காய் தூக்கிக்கொண்டு போய்விடும், அதனால் பேசுகிறேன்.

மாரிக்குச் சென்னையில் கிண்டி இன்ஜினியரிங் கல்லூரி வேண்டும், அதில் சிவில் வேண்டும். அவள் பத்தாவது படிக்கையில் அங்கிருந்து சில பிள்ளைகள் அவர்கள் ஊர்க் கண்மாயை அளக்க வந்திருந்தார்கள். முக்காலியில் ஏற்றிய கருவியின் வழியே ஒரு பெண் பார்த்துச் சொல்லச் சொல்ல, ஊர் ஆண்கள் அளவுகோலைத் தூக்கிக்கொண்டு அங்கும் இங்கும் ஓடினார்களாம். நம் வீட்டு ஆண்கள் ஒரு பொம்பளைப் பிள்ளை சொன்ன திசைக்கு நடந்ததை அன்றைக்குத்தான் இவள் பார்த்திருக்கிறாள். அந்தப் பெண் இவளையும் கூப்பிட்டுக் கருவி வழியாகப் பார்க்கவிட்டிருக்கிறாள். அதோடு பிடித்தது பைத்தியம்.

ஆசை இருந்தால் தெம்பும் இருக்க வேண்டும் அல்லவா? இவளுக்கு ஆசை ஒரு படி என்றால் பயம் ஒரு மரக்கால். வாசலைக் கூட்டிவிட்டு மறுபடியும் கூட்டுவாள். கட்-ஆஃப் கணக்கைக் காலண்டர் தாளின் பின்னால் எழுதுவாள், கிழிப்பாள், திரும்ப எழுதுவாள். போன வருடம் எந்த மார்க் வரை கிண்டியில் எடுத்தார்கள் என்று என்னிடம் போனில் கேட்டுக்கொண்டே இருப்பாள். கேட்ட கேள்வியையே மறுநாளும் கேட்பாள். "தலைமுடியப் பூராம் பிச்சுப் போட்டுட்டு மொட்டையாவா சென்னைக்குப் போகப் போற?" என்று நான் கேலி பண்ணினால், அதற்கும் சிரிப்பு வராது.

அவளுடைய பயத்துக்கு ஒரு முகம் இருந்தது. அவள் தெருவில் போன வருடம் ஒருத்தி நல்ல மார்க் எடுத்தாள். பெரிய கல்லூரிகளாக மட்டும் கேட்டாள், ஒன்றும் கிடைக்கவில்லை. இப்போது தினமும் விடியற்காலையில் மில் பஸ் வந்து தெருமுனையில் ஹாரன் அடிக்க, அவள் தூக்குவாளியோடு ஏறிப் போகிறாள். அந்த ஹாரன் சத்தம் கேட்டுத்தான் மாரி தினமும் கண் விழிக்கிறாள். எனக்கே அந்தப் பிள்ளையை நினைத்தால் பாவமாக இருக்கும். இவளுக்குக் கேட்க வேண்டுமா?

கலந்தாய்வு இப்போது எல்லாமே கம்ப்யூட்டரில்தான். நமக்கு வேண்டிய கல்லூரிகளை நாம் ஆசைப்படும் வரிசையில் மேலிருந்து கீழாகக் கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் மேலிருந்து பார்த்துக்கொண்டே வரும். நம் மார்க்குக்கு எட்டுகிற முதல் கல்லூரியைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றுவிடும். கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கவே பார்க்காது. கடைக்கு வந்த பிள்ளைகள் எல்லாருக்கும் இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை கட்டிப்போயிருந்தது.

வரிசை கொடுக்கக் கடைசி நாள் அன்று மாரி அப்பாவோடு கடைக்கு வந்தாள். எந்தக் கல்லூரி, எந்த வரிசை என்பதை அண்ணன் எங்களிடமே விட்டுவிட்டு வாசலில் நின்றார்; கிண்டி ஆசையை மாரி அவரிடம் வாய்திறந்து சொன்னதே இல்லை. நானே உட்கார்ந்து போட்டேன். கிண்டி முதலில். அடுத்தது மதுரை, அதன் பின் கோயம்புத்தூர், திருநெல்வேலி. எல்லாவற்றுக்கும் கீழே, எதுவும் இல்லாவிட்டால் இருக்கட்டும் என்று, நம் பக்கத்திலேயே இருக்கும் ஒரு தனியார் கல்லூரி. அவள் மார்க்குக்கு அந்தக் கல்லூரி வாசலில் வந்து நின்று கூப்பிடும். "எங்கேயும் கெடைக்காமப் போனா அத்தே?" என்றாள். அதற்காகத்தானே கடைசியில் இதைப் போட்டிருக்கிறேன், பதறாத காரியம் சிதறாது, பேசாமல் போ என்றேன். சாயங்காலம் வரை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் தொட்டுவிடாதே என்றும் சொன்னேன். பாஸ்வேர்டு அவளிடம் இருந்தது. ஓடிபி வருவது அண்ணன் போனுக்கு.

அவர்களைப் பஸ் ஏற்றிவிட நானும் எதிரே போனேன். எங்கள் ஸ்டாண்டில் பரளச்சி பஸ் உள்ளே திரும்பும்போதே ஆட்கள் கூடவே ஓடுவார்கள். பஸ் நிற்பதற்குள் சன்னல் வழியாகத் துண்டு, பை, குடை, ஏன், கைக்குழந்தையைக்கூட உள்ளே போட்டு இடம் பிடித்துவிடுவார்கள். துண்டு கிடக்கும் இடத்தில் வேறு ஆள் உட்கார மாட்டார். அது எழுதாத சட்டம். இந்த வித்தையில் என் அண்ணன் கெட்டிக்காரர். அன்றும் முதல் ஆளாகத் துண்டை வீசி, பின்பக்கம் டயருக்கு மேலே இருக்கிற இடத்தைப் பிடித்தார். சன்னலோரமாகப் பிடித்திருக்கலாமே அப்பா என்று மாரி கேட்டாள்.

"மொதல்ல ஒரு எடத்தப் பிடிச்சிறணும் தாயி. வண்டி கெளம்புனப்பெறகு சன்னலோரம் காலியாகும், மாறிக்கிடலாம். சன்னலோரந்தான் வேணும்னு நின்னவுக கடைசி மட்டும் நின்னுக்கிட்டேதான் போகணும்" என்றார் அண்ணன்.

அவர் பஸ்ஸைப் பற்றித்தான் சொன்னார். நானும் சிரித்துக்கொண்டு கடைக்குத் திரும்பிவிட்டேன்.

ஒதுக்கீடு வெளியான அன்று காலையில் கடை திறக்குமுன்பே மாரி வாசலில் நின்றாள். முதல் பஸ்ஸில் வந்திருக்கிறாள், காப்பித்தண்ணிகூடக் குடிக்கவில்லை. அப்பா களத்துவேலையை முடித்துவிட்டுப் பின்னால் வருவார் என்றாள். நான் கம்ப்யூட்டரைப் போடுவதற்குள் துப்பட்டா நுனியைக் கடித்துத் துளையே போட்டுவிட்டாள். பக்கத்தைத் திறந்தேன். கிண்டி இல்லை. மதுரையும் இல்லை. நம் பக்கத்துத் தனியார் கல்லூரியின் பெயர் இருந்தது. இவ்வளவு மார்க்குக்கு இதுவா என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். விருப்ப எண் என்று இருந்த இடத்தில் ஒன்று என்று போட்டிருந்தது.

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். தான்தான் மாற்றியதாகச் சொன்னாள். பஸ்ஸிலேயே, அப்பா போனில், ஊர் போய்ச் சேருமுன்பே மாற்றியிருக்கிறாள். கிடைத்த இடத்தை வைத்துக்கொண்டு மேலே உள்ள கல்லூரிக்கும் காத்திருக்கலாம் என்று ஒரு வசதி உண்டு. அதை யாரோ சொல்லக் கேட்டிருக்கிறாள்.

"மொதல்ல இத உறுதியாப் பிடிச்சிட்டு, பெறகு கிண்டிக்கு மாறிக்கிடலாம்னு நெனச்சேன் அத்தே. அப்பா துண்டு போடுற மாதிரி."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அறிவுகெட்டவளே, பள்ளியில் முதல் மார்க் எடுத்தவள்தானா நீ என்று திட்டினேன். மேலே என்றால் நீ கொடுத்த வரிசையில் மேலே. முதலில் கேட்டது கிடைத்துவிட்டால், அதற்கு மேலே போக ஏதடி இடம்? கிண்டி இப்போது உன் வரிசையில் கீழே கிடக்கிறது, கம்ப்யூட்டர் அங்கே எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்றேன். இதை வேண்டாம் என்று தள்ளிவிட்டு அடுத்த சுற்றுக்குப் போகலாமா என்று கேட்டாள். போகலாம்தான். ஆனால் அதற்குள் கிண்டி நிறைந்துவிடும், இதுவும் கையைவிட்டுப் போகும். சொல்லச் சொல்ல அவள் முகத்தில் ரத்தமே இல்லை. போதாதா, இவ்வளவும் சொன்னது?

ஒருவேளை நீ கேட்டிருந்தாலும் கிண்டி கிடைத்திருக்காது, விடு என்று சொல்லித் தேற்றப் பார்த்தேன். அந்தப் பொய்க்கும் ஆயுசு இல்லை. மாரியோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த ஸ்டெல்லா, அம்மாவைக் கூட்டிக்கொண்டு மூச்சிரைக்க உள்ளே வந்தாள். அவளுக்கும் நான்தான் வரிசை போட்டேன். மாரியைவிட மார்க் குறைவு, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான அதே ஒதுக்கீட்டு வரிசை. பக்கத்தைத் திறந்தேன்: கிண்டி, சிவில். ஸ்டெல்லா கத்திக்கொண்டு மாரியைக் கட்டிப்பிடித்தாள். நாம ரெண்டு பேரும் ஒரே ஹாஸ்டல்தானே என்று கேட்டாள். மாரி அவள் முதுகைத் தட்டிக்கொடுத்து, எனக்கு இங்கனதான்டி என்றாள். ஸ்டெல்லாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவளுடைய அம்மாவுக்குப் புரிந்தது போலிருந்தது. பிள்ளையைச் சீக்கிரமாகக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போவது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எட்டியதைத் தானே தட்டிவிட்ட பிள்ளையை அன்றைக்குத்தான் பார்த்தேன். அழுதாலாவது பரவாயில்லை. அவள் அழவில்லை. எழுந்தாள், பிரிண்டரிடம் போனாள், வாசலுக்குப் போனாள், திரும்பி வந்தாள். அண்ணன் வந்ததும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது என்று நான் முடிவு செய்தேன். எத்தனை நாளைக்கு மூடி வைப்பது?

அண்ணன் வந்தார். நம் பக்கத்துக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது என்று அவர் போனுக்கு மெசேஜ் வந்து, யாரிடமோ படிக்கக் கேட்டிருக்கிறார். கையில் மிட்டாயும் காராச்சேவும். சட்டையை மாற்றியிருந்தார், காலில் களத்துப் புழுதி அப்படியே இருந்தது. கம்ப்யூட்டரைக் குனிந்து பார்த்தார். இங்கிலீஷ் படிக்க வராது, எண் தெரியும். இந்த ஒன்று என்னது என்று விரலை வைத்துக் கேட்டார்.

"அது புள்ள மொதல்ல எதக் கேட்டுச்சோ, அதோட நம்பருண்ணே" என்றேன். மேலே சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் அண்ணன் நிமிர்ந்துவிட்டார். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். இன்பராஜ் அண்ணாச்சியைப் பார்த்து, கடையில் நின்றவர்களைப் பார்த்து, அவர் இப்படிச் சொன்னார்.

"நான் கேட்ட மழ ஒரு வருசமும் கேட்ட நேரத்துல பேஞ்சதில்லய்யா. எம்மக மொதல்ல எதக் கேட்டாளோ அதயே தூக்கிக் குடுத்துட்டாக."

மேசைக்குக் கீழே மாரி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிகிற பிடி. நான் வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்நாளில் வாயை மூடியது எனக்கு இவ்வளவு வலித்ததில்லை.

"ஆமாப்பா, கேட்டதத்தான் குடுத்திருக்காக" என்றாள்.

அண்ணன் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தார். மகள் வாயில் ஒன்றை அவரே வைத்தார். பிறகு, இந்த இடம் வேண்டும் என்று சம்மதம் கொடுக்க எங்கே அமுக்க வேண்டும், உனக்குக் கைராசி, நீயே அமுக்கு தாயி என்று என்னிடம் சொன்னார். என் கை எழவில்லை. மாரி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மௌஸை என் பக்கமிருந்து எடுத்துத் தானே அமுக்கினாள். அண்ணன் போனுக்கு ஓடிபி வந்தது. அவர் போனைக் கண்ணுக்குத் தள்ளிப் பிடித்து, கடையில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி ஒவ்வோர் எண்ணாகச் சத்தமாக வாசித்தார். அவள் ஒவ்வொன்றாக அடித்தாள்.