மேடை ஏறிய கீரை

என் கோழிக்கிறுக்கலையும் எழுத்துப் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆறாம் ஆண்டோடு பள்ளியை விட்டவன்.

பினாங்கு ஃபெரியிலிருந்து இறங்கி பாசார் சந்தைக்கு வருகிறேன். டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர் ஒருவர் வருகிறார் என்று வாசலில் மேடை போட்டிருக்கிறார்கள். நகரத்துக்கு நல்ல உணவு கிடைக்க, நகராட்சிக்காரர்கள் பயிரிடுபவர்களோடு கூட்டு சேர்கிறார்களாம். சுங்கை பாக்காப்பிலிருந்து ஓர் அக்கா விற்கக் கொண்டுவந்த கீரையை மேடை அலங்காரமாக அடுக்கிவிட்டார்கள். வெயிலில் அது வாடுகிறது.

"வாடிட்டா யாரு வாங்குவா லா? எடுத்துக்கவா சார்?" என்று அதிகாரியைக் கேட்கிறார் அக்கா.

"டத்தோ வரட்டும், படம் பிடிக்கணும். நீங்க எங்க பார்ட்னர் லா, அக்கா!"

"அப்ப பார்ட்னரும் வெயில்ல வந்து நில்லுங்க."

பார்ட்னரான அதிகாரி மின்விசிறிக்கு அடியை விட்டு நகரவில்லை.

"அண்ணே, சும்மாதானே நிக்கிறீங்க? ஒரு கை புடிங்க!" என்று, மேடைக் கீரையைக் கூடையில் அள்ளியபடி அக்கா என்னைக் கூப்பிடுகிறார்.

கூச்சத்தோடு கூடையைப் பிடிக்கிறேன். உள்ளே கீரை மளமளவென்று விற்கிறது. வெளியே டத்தோ, மேடையில் மிஞ்சிய பிளாஸ்டிக் பூக்களுக்கு நடுவே நின்று, பசுமையைப் புகழ்கிறார்.

ஒருவழியாக எழுதி முடித்தது: தீபாவளிக்கு முந்தின நாள், 1994.