கல்யாணக் குதிரையும் நாற்பது கிலோமீட்டரும்

“…ரெண்டு பேர் வயசையும் கூட்டினா கரெக்டா அறுபது வருது, தங்கச்சி. இதுக்குப் பேரு ரேஸு இல்ல. அறுபதாங் கல்யாணம்!” என்று சொல்லிவிட்டு, குதிரைக்கார அண்ணா தன் நகைச்சுவைக்குத் தானே முதல் ஆளாகச் சிரித்தார்.

பக்கத்தில் நின்ற பெண்குதிரை சிரிக்கவில்லை. எனக்கு நாற்பத்திரண்டு, அவளுக்குப் பதினெட்டு. கணக்கு சரியாக இருந்ததுதான் எரிச்சல்.

அண்ணா தாம்பரம் வட்டாரத்தில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவர். அது போக, ஊரப்பாக்கத்தில் உள்ளே தள்ளி ஒரு மைதானத்தில் கொட்டகை போட்டு, சனி ஞாயிறுகளில் சவாரியும் சொல்லித்தருகிறார். நான் அதே ஊரில் தையல் கடை வைத்திருப்பவள். பிளவுஸ்தான் என் தொழில். சேணத்துக்கு அடியில் போடும் மெத்தை கிழிந்துவிட்டது, புதிதாகத் தைத்துத் தர முடியுமா என்று அவர் கேட்க, அளவெடுக்கப் போனேன். நான் குனிந்து எதையோ குறித்துக்கொண்டிருந்த நேரத்தில் இந்தக் கிழவி என் அளவு நாடாவைத் தின்னத் தொடங்கினாள். நான் இழுத்தேன். அவளும் இழுத்தாள்.

“நல்லாப் புடிக்கிற தங்கச்சி. கடிவாளம் புடிக்கிற கை அது” என்றார் அண்ணா.

பாராட்டினாரா, நாடா போனதை மழுப்பினாரா என்று இன்றுவரை தெரியாது. ஆனால் அடுத்த ஞாயிறே அவள் மேல் ஏறிவிட்டேன். யாராவது நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் எதன் மேலும் ஏறிவிடுவேன்.

ஆக, அறுபதாங் கல்யாணப் பேச்சு வந்த கதைக்கு வருகிறேன். அண்ணா புதிதாக ஒரு இளங்குதிரைக்குச் சொல்லி வைத்திருந்தார். கொட்டகையில் இடமில்லை. அதனால் கிழவியை மதுராந்தகம் பக்கம் தன் மச்சானுடைய தென்னந்தோப்புக்கு அனுப்புவதாக முடிவு. “புல்லு கீது, நெழலு கீது, கெய்வி நிம்மதியா மேயட்டும்” என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நிம்மதி அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. ஆள் கூட்டம், சத்தம், சந்தன வாசனை, கண்ட கையிலிருந்தும் வாழைப்பழம் என்று வாழ்ந்தவள். நாலு நாள் லீவு விட்டாலே கொட்டகைக் கதவை உதைத்து ஆளைக் கூப்பிடுவாள். தோப்பில் யாரைக் கூப்பிடுவாள், தேங்காயையா?

அந்தச் சமயத்தில்தான் சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அப்பால் நாற்பது கிலோமீட்டர் சவாரி ஒன்று நடத்துகிறார்கள் என்று தெரிந்தது. மண் ரோடும் ஏரிக்கரையுமாக இருபது கிலோமீட்டர் ஒரு சுற்று, அப்படி இரண்டு சுற்று. முதலில் வருவது பெரிதில்லை, நேரத்துக்குள் வந்து சேர்ந்தால் போதும். நடுவில் ஒரு தடவை, முடிந்ததும் ஒரு தடவை, கால்நடை மருத்துவர் பார்ப்பார். நாடித்துடிப்பு இறங்க வேண்டும், நொண்டக் கூடாது. அவர் சரி சொன்னால்தான் முடித்த கணக்கு.

“இவ முடிச்சா இங்கேயே இருக்கட்டுமா?” என்று கேட்டேன். அப்போதுதான் அந்த அறுபதாங் கல்யாணம். சிரித்து ஓய்ந்தபின் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சர்தான். டாக்டரம்மா பாஸ் போட்டா கெய்வி இங்கியே கெடக்கட்டும். புச்சுக்கு நான் வேற ஷெட்டு போட்டுக்கறேன். இல்லாங்காட்டி மறுநாளே வண்டி ஏத்திடுவேன். அப்பால வந்து அழுவக் கூடாது” என்றார்.

வீட்டில் சொன்னேன். கணவர் செய்தித்தாளை இறக்காமலே, “இன்ஷூரன்ஸ் எடுத்தாச்சா?” என்று கேட்டார்.

“குதிரைக்கா?”

“உனக்கு.”

பயிற்சி தொடங்கிய பிறகுதான் அவளுடைய நிஜமான வியாதி தெரிந்தது. காலில் குறையில்லை, மூச்சில் குறையில்லை. கல்யாண மண்டபத்தைப் பார்த்தால் நின்றுவிடுவாள்; நான் இறங்கி இழுத்தால்தான் நகர்வாள். எங்கள் பக்கம் மண்டபம் இல்லாத தெரு எங்கே இருக்கிறது? கொட்டகையிலிருந்து ஏரிக்கரைக்குப் போவதற்குள், மொய் வைக்க மறந்த சொந்தக்காரி மாதிரி ஒவ்வொரு வாசலிலும் எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஒரு முகூர்த்த நாளில் நிலைமை முற்றியது. பேண்ட் சத்தம் கேட்டதும் அவள் என்னைக் கேட்காமல் திரும்பினாள். குறுக்குச் சந்தில் புகுந்து, நேராகப் போய் ஒரு மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு முன்னால் நின்று, கால் மாற்றி ஆட ஆரம்பித்தாள். நான் மேலே, பழைய டிராக் பேண்டும் ஹெல்மெட்டுமாக.

“குதிரை யாரு ஏற்பாடு?” என்று ஒரு குரல்.

“பொண்ணு வீட்டுக்காரங்களா இருக்கும். சொல்லவே இல்ல பாருங்களேன்.”

“மேல உக்காந்திருக்கிறது யாரு?”

“அது குதிரையோட வந்ததுதான்.”

ஒருவர் என் மேல் பன்னீர் தெளித்தார். பின்னால் பூ ஒட்டிய காரிலிருந்து மாப்பிள்ளை தலையை நீட்டி, “ஆன்ட்டி, கொஞ்சம் சைடு குடுத்தீங்கன்னா நான் உள்ள போயிடுவேன்” என்று கெஞ்சினார். சைடு கொடுப்பது என் கையில் இருந்தால்தானே? மண்டப வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். அதன் எதிரே அவள் நாலு காலையும் ஒன்றாகச் சேர்த்து, கழுத்தை நிமிர்த்தி, போட்டோவுக்கு நிற்கிற மாதிரி நின்றுவிட்டாள். மாப்பிள்ளை இறங்கி வந்தார். பெண்கள் ஆரத்தி சுற்றி, சிவப்புத் தண்ணீரை ஓரமாக ஊற்றினார்கள். பேண்ட் ஓய்ந்தது. அவள் மாப்பிள்ளைக்கு முன்னால், முறையான விருந்தாளியாக, உள்ளே நடந்தாள். எனக்கு ஒரு லட்டும் அவளுக்கு ஒரு சீப்பு பழமும் கிடைத்தன.

பேண்ட் ஓய்ந்ததும் நகர்ந்தாள் அல்லவா? ஆகவே வியாதி காதில் என்று நான் முடிவு கட்டினேன். அன்று மாலையே பஞ்சு வைத்து அவளுக்கு ஒரு காதுக் குல்லாய் தைத்தேன். கருநீலத் துணி, ஓரத்தில் மீந்துபோன பட்டு பார்டர். அண்ணா அதைப் பார்த்து, “சூப்பரா கீது தங்கச்சி” என்றார். வேறு ஒன்றுமே சொல்லவில்லை. வாயில் வெற்றிலை இருந்ததால் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

சவாரி நாளன்று விடியற்காலையில் அவளை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு போய் இறங்கினோம். மற்ற குதிரைகள் எல்லாம் மினுமினுவென்று, கால் தரையில் பாவாமல் துள்ளிக்கொண்டிருந்தன. என்னவள் கொட்டாவி விட்டாள். காட்டாங்குளத்தூரில் படிக்கிற கல்லூரிப் பையன் ஒருவன், கிளம்பின கொஞ்ச நேரத்திலேயே, “வழி விடுங்க ஆன்ட்டி! மெதுவா வாங்க, சாப்பாடு எடுத்து வைக்கச் சொல்றேன்” என்று புழுதி கிளப்பிக்கொண்டு போனான். இப்படிச் சொன்னவன் பாதி வழியில் குதிரையோடு களைத்து உட்கார்ந்திருந்தான் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அவன் ஒழுங்காக முதலில் வந்து சேர்ந்தான். சாப்பாடும் எடுத்து வைக்கவில்லை.

முதல் சுற்று முடிந்து பரிசோதனை. டாக்டரம்மா சின்ன வயதுக்காரர், கண்டிப்பான முகம். ஸ்டெதாஸ்கோப்பைக் கிழவியின் விலாவில் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். “இது ஓடி வந்துச்சா, வண்டியில வந்துச்சா?”

“பட்டாசுக்கு நடுவுல வாழ்ந்த உடம்பு மேடம். எதுக்கும் பதறாது.”

“நீங்க உக்காருங்க மேடம். உங்களுக்குத்தான் பாக்கணும் போல இருக்கு.”

அண்ணா வாளியில் தண்ணீர் காட்டினார். தன் துணிப்பையிலிருந்து வெற்றிலைப் பொட்டலத்தைப் பிரித்து, சுண்ணாம்பு தடவி ஒரு வெற்றிலையை வாயில் அடக்கிக்கொண்டு, மஞ்சள் தூள் பொட்டலத்தையும் கையில் வைத்துக்கொண்டு சேணத்தைத் தூக்கிப் பார்த்தார். உரசிப் புண்ணாகியிருந்தால் மஞ்சளைக் குழைத்துத் தடவுவது அவர் வழக்கம். என் மெத்தை ஒரு கீறல் கூட விடவில்லை. “பிளவுஸ் தைக்கிற கை சும்மாவா?” என்றேன். “இன்னும் பாதி கீது. அதுக்குள்ளாற பீத்திக்காத” என்று மஞ்சளைப் பையில் போட்டுக்கொண்டார்.

இரண்டாவது சுற்றில் வெயில் ஏறியது. ஏரிக்கரையில் நான் இறங்கி, கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் கூடவே நடந்தேன். அவள் தன் தாடையை என் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தாள். பாசம் என்று நினைத்தேன். தோள் பையில் இருந்த கேரட் வாசனை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா ஒருத்தி எங்களை ஏற இறங்கப் பார்த்து, “ஏம்மா, நீ நடக்கிற, அதுவும் நடக்குது. அப்புறம் குதிரை எதுக்கு?” என்றாள். நான் கிழவிக்கு ஒரு கேரட்டைக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டினேன்.

எல்லைக் கோடு தெரிந்தபோது நேரம் மிச்சமிருந்தது. நான் மனதுக்குள் மச்சானின் தோப்புக்கு டாட்டா காட்டிவிட்டேன். அப்போதுதான் கவனித்தேன். காலையில் வெறும் கயிறும் கம்பமுமாக இருந்த இடத்தில், வருகிறவர்களைக் கௌரவிக்க வேண்டுமென்று, அந்த ஊர்க்காரர்கள் இரண்டு பக்கமும் குலையோடு வாழைமரம் கட்டியிருந்தார்கள். மேலே மாவிலைத் தோரணம். கீழே கோலம்.

கோட்டுக்குப் பத்தடி முன்னால் அவள் நாலு காலையும் சேர்த்தாள். கழுத்தை நிமிர்த்தினாள். நின்றாள்.

தட்டிக் கொடுத்தேன். குதிகாலால் இடித்தேன். கெஞ்சினேன். காதுக் குல்லாயை இழுத்து எறிந்தேன். பேண்டே இல்லாத இடத்தில் குல்லாய் என்ன செய்யும்?

“வேற யாரும் குதிரையைத் தொடக் கூடாது, பின்னால இருந்து விரட்டக் கூடாது. நீங்க இறங்கி இழுத்துட்டு வரவும் கூடாது. மேல உக்காந்துதான் கோட்டைத் தாண்டணும்” என்று டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தபடி சொன்னார். “டைம் முடியப்போகுது மேடம்.”

கல்லூரிப் பையன் பிரியாணித் தட்டோடு வந்து நின்றான். “ஸ்டார்ட் ஆகலியா ஆன்ட்டி?”

கோட்டுக்கு அந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அண்ணா தொடையைத் தட்டிச் சிரித்தார். “அண்ணா, இது இன்னாத்துக்கு நிக்குது?” என்று கத்தினேன்.

“எனக்கு இன்னா தெரியும்?”

அவருக்குத் தெரியும். எத்தனையோ மண்டப வாசல்களில் இவள் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆள். அந்த முகத்தைப் பார்த்த உடனே, அவள் எதற்காகக் காத்திருக்கிறாள் என்று எனக்கும் உறைத்தது. குல்லாய் தைத்துக் காட்டிய அன்றே அவர் வாயில் அடக்கி வைத்திருந்தது வெற்றிலை மட்டுமில்லை, இந்த விஷயமும்தான் என்பதும். ஆனால் என்ன பிரயோஜனம்? ஆரத்தித் தட்டுக்கு நான் எங்கே போவேன்? நான் சத்தம் போடுவதை விட்டுவிட்டேன். அவள் மட்டும் வாசலைக் கூடப் பார்க்காமல், அவரையே பார்த்துக்கொண்டு, முறை தவறாமல் நின்றாள்.

அண்ணாவின் சிரிப்பு பாதியில் நின்றது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கோட்டைத் தாண்டின பிறகு நடந்த பரிசோதனையில் டாக்டரம்மா அவளுக்குப் பாஸ் போட்டார். புதிய ஷெட்டும் வந்தது, அதில் இளங்குதிரையும் வந்தது. கிழவி அதே பழைய இடத்தில் நின்று என் நாடாக்களைத் தின்கிறாள். இதையெல்லாம் முன்னாலேயே சொல்வதற்குக் காரணம், எனக்குக் கடைசியில் வேண்டியது வேறு.

அண்ணா எழுந்தார். பையனுடைய கையிலிருந்து பிரியாணித் தட்டைப் பிடுங்கி, பிரியாணியை அவன் கையிலேயே கவிழ்த்துவிட்டு, வாளித் தண்ணீரில் தட்டை அலசினார். பையிலிருந்த மஞ்சள் தூளைக் கொட்டி, வெற்றிலைச் சுண்ணாம்பை விரலால் வழித்துப் போட்டு, தண்ணீர் விட்டுக் கலக்கினார். தட்டு சிவந்தது. “தொடல மேடம், தள்ளித்தான் நிக்கறேன்” என்று டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டு, மடித்துக் கட்டியிருந்த வேட்டியை மரியாதையாக இறக்கிவிட்டு, எனக்கும் கிழவிக்கும் சேர்த்து மூன்று சுற்று சுற்றினார். சிவப்புத் தண்ணீரை ஓரமாக ஊற்றினார். பிறகு வாழைமரத்தோடு ஒதுங்கி, பெண் வீட்டார் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்று, எங்களுக்கு வழி விட்டார்.