வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு ஜெபக்கூட்டம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் படித்தது பத்தாவது வரைதான். வேதத்தைப் பற்றி எழுத ஆயர்கள் இருக்கிறார்கள். சமுதாயத்தைப் பற்றி எழுதப் பெரிய படிப்புப் படித்தவர்கள் இருக்கிறார்கள். நாலு பேர் முன்னால் ஜெபம் பண்ணச் சொன்னாலே எனக்கு வார்த்தை வராது. ஆனால் எங்கள் சபையில் நடந்த இந்தக் காரியத்தில் என் தப்பும் இருக்கிறது. அதனால் நானே எழுதுவதுதான் நியாயம் என்று பட்டது.

கர்த்தர் எனக்குப் பேச்சைக் கொடுக்கவில்லை, கையெழுத்தைக் கொடுத்தார். தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் எங்கள் கோயில் வாசல் கரும்பலகையில் வாரா வாரம் வசனம் எழுதுகிறவன் நான். வீட்டு ஜெபக்கூட்டங்களின் பட்டியலை எழுதுகிறவனும் நான்தான். மற்ற நாட்களில் என்னையும் சேர்த்துப் பாதிப் பேர் பெங்களூர் ரயிலில் வேலைக்குப் போய் இருட்டிய பிறகு வருகிறவர்கள் என்பதால், ஞாயிறு சாயங்காலம் நான்கு மணிக்குக் கூட்டம். எந்த வாரம் யார் வீடு என்பது சுரங்கக் கம்பெனி கட்டிய லைன் வீடுகளின் வரிசைப்படி போகும். ஒவ்வொரு டிசம்பரிலும் முந்தின பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இறந்துபோனவர்களை எடுத்துவிட்டு, புதிதாகக் குடிவந்தவர்களைச் சேர்த்து, மையினால் எழுதிக் கொடுப்பேன். பதினோரு வருடம் இப்படித்தான் நடந்தது.

போன கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு, ஆராதனை முடிந்து பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எப்போதும் கடைசி பெஞ்சில் உட்காரும் ஒரு அம்மா வந்து நின்றார். விதவை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வீடு. அவருடைய மாமனார் எங்கள் லைன்களின் கக்கூஸ்களை அள்ளியவர். அந்த அம்மா ராபர்ட்சன்பேட்டையில் தெருக் கூட்டுகிறார்.

"அண்ணா, ஒன்னு கேட்டா தப்பா நெனக்க மாட்டீங்களே? நம்ம ஊட்டுக்கு ஜெபக்கூட்டம் எப்பண்ணா வரும்?"

"முறைப்படி வரும்மா" என்றேன்.

"நான் கல்யாணம் ஆயி வந்ததுலேர்ந்து வரலியேண்ணா. எம்பொண்ணு பெங்களூர்ல ஆபீஸ் வேலைக்குப் போறா. கோயிலுக்கு வர்றத நிறுத்திட்டா. 'உங்க சபைக்காரங்க ஒரு நாள் நம்ம ஊட்ல வந்து ஒரு டம்ளர் டீ குடிக்கட்டும், அப்பறம் நான் வர்றேன்'ன்றா. எனக்கு இருக்கறது அவ ஒருத்திதாண்ணா."

வீட்டுக்கு வந்து பழைய பட்டியல்களை எல்லாம் எடுத்துப் பரப்பினேன். எல்லாவற்றிலும் வரிசை வாய்க்கால் வரைக்கும் வந்து நின்றுவிட்டது. அந்த வீட்டை நான் நீக்கவில்லை. என்றைக்கோ யாரோ நீக்கியதைப் பதினோரு முறை அழகாக நகல் எடுத்திருக்கிறேன். என் மனைவியிடம் சொன்னேன். அவள் எனக்கும் சேர்த்துப் பேசுகிறவள்.

"வாயத் தொறக்காத மனுசன்னு நெனச்சினு இருந்தேன். பதினோரு வருசமா கையாலயே பேசினு கீறீங்க."

அடுத்த நாள் ரயிலிலிருந்து இறங்கியதும் நேராகச் சபைச் செயலாளர் வீட்டுக்குப் போனேன். பென்ஷன் வாங்கும் பெரியவர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். கேட்டதும் முகம் சுருங்கியது.

"சின்ன ஊடுப்பா அது. எங்க உக்கார்றது? அவங்களும் இத்தினி வருசத்துல கேட்டதில்ல. நீ ஏன் சும்மா கெடக்கறத நோண்டற?"

கேட்டார்கள் ஐயா, நேற்றுத்தான் கேட்டார்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். "சரிங்க ஐயா" என்று வந்தது. திரும்பி நடந்தேன்.

வழியெல்லாம் வேதத்தில் வரும் சகேயுவின் ஞாபகம், ஊர் ஒதுக்கிவைத்த அந்த வரிவசூல்காரன். ஞாயிறு பள்ளியில் சகேயு என்றால் குள்ளன், மரம் ஏறினவன், அவ்வளவுதான் சொல்லிக்கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து அந்த அதிகாரத்தைத் திரும்ப வாசித்தேன். சகேயு ஆண்டவரைத் தன் வீட்டுக்குக் கூப்பிடவே இல்லை. எட்டிப் பார்க்கத்தான் ஏறினான். ஆண்டவர்தான் மரத்தடியில் நின்று, இன்றைக்கு உன் வீட்டில் தங்க வேண்டும் என்று தானாகக் கேட்டார். அந்த வீட்டுக்கா போகிறார் என்று ஊரே முறுமுறுத்தது. அவர் எந்தப் பட்டியலையும் பார்க்கவில்லை. சகேயுவாவது மரத்தில் இருந்தான். இந்த அம்மா முப்பது வருடமாக எங்கள் கோயிலுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்.

எங்கள் தாத்தாக்கள் எல்லாரும் வட ஆற்காட்டிலிருந்து ஒரே கஷ்டத்தோடு வந்தவர்கள். சுரங்கத்துக்குள் இறக்கும் இரும்புக் கூண்டில், அந்தக் கேஜில், தோளோடு தோள் ஒட்டி நின்றுதான் இறங்கினார்கள். அங்கே யார் என்ன என்று பார்க்க முடியாது. மேலே ஏறி வந்தபின் வாய்க்காலைக் கண்டுபிடித்தார்கள். இப்போது சுரங்கமும் மூடிக்கிடக்கிறது, கேஜும் இல்லை. வாய்க்கால் மட்டும் இருக்கிறது.

பேனாவை எடுத்தேன். புது வருடத்தின் முதல் ஞாயிறுக்கு நேராக அந்த அம்மாவின் வீட்டை எழுதினேன். எழுத்து கோணவில்லை.

செயலாளர் என் பட்டியலை முன்னதாகப் படித்துப் பார்ப்பதில்லை. கிறிஸ்துமஸுக்குப் பிந்தின ஞாயிறு, அறிவிப்பு நேரத்தில் அப்படியே பிரித்தார். முதல் வரியில் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்னைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன். எங்கள் சபையில் முன்னால் நின்று வாசித்த அறிவிப்பு, மணி அடித்த கேஜ் மாதிரி. இறங்கியே தீர வேண்டும். அது அவருக்கும் தெரியும். மடித்துப் பையில் வைத்திருக்கலாம். அவர் வாசித்தார்.

பெஞ்சுகளில் சலசலப்பு.

வெளியே வந்ததும் செயலாளரிடம் போனேன். "ஐயா, கை தவறி எழுதல. தெரிஞ்சுதான் எழுதினேன்." என் வாழ்க்கையில் பெரியவர் ஒருவரிடம் நான் முழுசாகச் சொல்லி முடித்த முதல் வாக்கியம் அது.

"உன் கை தவறாதுன்னு எனக்குத் தெரியாதா?" என்றார். சிரிக்கவில்லை. போய்விட்டார்.

புது வருடத்தின் முதல் ஞாயிறு, மூன்றரை மணிக்கே என் மனைவி கக்கத்தில் பாயோடு கிளம்பினாள். வரிசையாக ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். "இன்னாக்கா, இன்னும் சீவினு கீற? ஜெபத்துக்கா போற, சினிமாவுக்கா?" ஒருத்தி தலைவலி என்றாள். "அதுக்குத்தான் ஜெபம், வா" என்று இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

வீட்டுக்குள் இருபது பேர் நெருக்கி உட்கார்ந்தோம். மற்றவர்கள் வாசலில். ஆயருக்கு மூன்று சபைகள். ஆண்டர்சன்பேட்டையிலிருந்து பைக்கில் தாமதமாக வந்தார். செயலாளரைக் காணோம். அந்த அம்மாவின் மகள் அடுப்படியில் முதுகைக் காட்டி நின்றாள். பாடினோம், ஜெபித்தோம், ஆயர் ஆசீர்வாதம் கூறினார்.

எனக்குப் பயமே இனிமேல்தான். ஆசீர்வாதத்துக்குப் பிறகு டீ வரும். அதற்குள் ரெண்டு பேர் எழுந்துவிட்டார்கள். அந்த அம்மா ஒரு தட்டில் காகிதக் கப்புகளை அடுக்கிக்கொண்டு வந்தார். புதுசு, கவரை அப்போதுதான் பிரித்திருக்கிறார். தன் பாத்திரத்தை யாரும் தொட வேண்டாம் என்று அவரே வழி பண்ணி வைத்திருந்தார்.

"ஏம்மா, ஊட்ல டம்ளர் இல்லியா?" என்றாள் என் மனைவி.

"கீதுக்கா... ஆறுதான் கீது."

"ஆறு போதும். கழுவிக் கழுவிக் குடிக்கலாம். பேப்பர்ல குடிச்சா எனக்கு டீ எறங்காது."

மகள் திரும்பிப் பார்த்தாள். ஆறு எவர்சில்வர் டம்ளர்கள் வந்தன. ஆயர் ஒன்று எடுத்தார், என் மனைவி ஒன்று, நான் ஒன்று. மற்ற மூன்றும் தட்டில் ஆவி விட்டுக்கொண்டிருந்தன. யாரும் கை நீட்டவில்லை.

அப்போது வாசலில் கூட்டம் விலகியது. செயலாளர். வெள்ளைச் சட்டை, கையில் வேதாகமம். உள்ளே வந்து தட்டிலிருந்து டம்ளரை எடுத்து நின்றபடியே குடித்தார். எல்லாரும் அவர் தொண்டையையே பார்த்தோம்.

"சக்கர கம்மி" என்றார். "இன்னொன்னு குடும்மா, கொஞ்சம் போட்டு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதற்குப் பிறகு டம்ளர்கள் கை மாறின வேகம் சொல்லி முடியாது. எழுந்த ரெண்டு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். தலைவலிக்காரி ரெண்டு முறை குடித்தாள். மகள் கழுவக் கழுவ, அம்மா ஊற்ற ஊற்ற, வாசலில் இருந்தவர்கள் தாங்களாகவே ஒரு துதிப் பாட்டை ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் லைன் முழுக்கக் கேட்டிருக்கும். நானும் பாடினேன், சத்தமாகவே. பாட்டு முடியும்போது மகள் ஈரக் கையோடு வந்து தன் அம்மாவின் பக்கத்தில் நின்று கடைசி அடியைப் பாடினாள். அந்த அம்மா அழவில்லை. டீச்சட்டியைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். காலி.

மறுநாள் திங்கட்கிழமை. செயலாளர் பட்டியலை, முதல் வரியை மாற்றாமல், கோயில் வாசல் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒட்டிப் பூட்டினார். நான் வழக்கம்போல விடியற்காலை ரயிலில் வேலைக்குப் போனேன்.